இணைச்சீருக்கு வந்தவள்

"கண்ணு, என்ற புள்ளைய எடுத்துருவீங்களா?"

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்து ஓர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் தலையாட்டினேன். அப்போது அதிகாலை மணி 4.05.

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நேரங்களை நான் யோசித்து எழுதவில்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா தானாக மணியைக் குறித்து வைக்கும். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ரம்ஷா. பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். டீச்சர் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லக்கூட எனக்கு வாய் வராது. யாகூப் மாமா, என் அம்மாவின் தம்பி, அன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர்தான் என் கையில் கேமராவைக் கொடுத்தார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டால் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள். எனக்கு அது போதும். கல்யாணங்களில் பெண்கள் பக்கம் நான் எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைத் திருத்துவதும் நான்தான்.

கேட்ட அம்மா மாப்பிள்ளையைப் பெற்றவர். முத்தாத்தாள். பட்டுச்சேலையின் முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க புள்ள?" என்றேன்.

"வர்ஷினி. மாப்பிள்ளைக்குத் தங்கச்சி. புடிச்சவனோட போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு, இருந்த போட்டோ பூராத்தையும் தண்ணியடுப்புல போட்டுட்டாரு. என்ற போன்ல இருந்ததையும் அழிச்சுப்போட்டாரு. ஒண்ணுகூட இல்லீங்க கண்ணு. ராத்திரியில கண்ண மூடுனா மூக்கு ஞாபகம் வருது, வாய் வர மாட்டேங்குது..."

"இன்னைக்கு வாராங்களா?"

"அண்ணனுக்கு இணைச்சீர்னா வராம இருப்பாளா? கூட்டத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவா. நீங்க பாத்தா எடுத்துருங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"என்னையாட்டவே இருப்பா. தாடையில மச்சம்."

உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

இணைச்சீர் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் முக்கியமான சீர். மாப்பிள்ளையும் அவருடைய சகோதரியும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை அவரிடம், மறுமுனை அவளிடம் இருக்கும். சொந்தச் சகோதரி இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். அன்று நின்றது லோகப்பிரியா, சித்தப்பா மகள்.

மணி 4.38. கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

எங்கள் கேமரா மனித முகத்தைக் கண்டால் அதன்மேல் ஒரு சின்னக் கட்டம் போடும். மாப்பிள்ளை கிருபாசங்கர் மேல் ஒரு கட்டம். லோகப்பிரியா மேல் ஒரு கட்டம். அவளுடைய தோளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று.

அங்கே ஒரு பெண் நின்றாள். வெளிறிய ஊதாச் சேலை. தலையை வாரவில்லை. தாடையில் மச்சம்.

வந்துவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்தது. எடுக்க ஆரம்பித்தேன்.

"இழுக்காதீங்ணா," என்றாள் லோகப்பிரியா.

"நான் எங்க இழுக்கறேன்? காப்பித்தண்ணிகூட இல்லாம நிக்க வெச்சிருக்கீங்க. இழுக்கறதுக்குத் தெம்பு வேணுமல்ல," என்றார் மாப்பிள்ளை.

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீர் செய்துவைக்கும் பெரியவர் தண்ணீர்ச் செம்போடு அவள் நின்ற இடத்தின் வழியாகவே போனார். அவள் விலகவில்லை. அவரும் விலகவில்லை.

மொத்தம் பதினொரு படங்கள். கடைசிப் படம் 4.41. கேமராவை இறக்கினேன்.

அவள் இல்லை.

மேடைக்கு ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டுதான். அதன்மேல் வீடியோக்காரரின் ஸ்டாண்டு இருந்தது. யாரும் இறங்கியிருக்க முடியாது. ஆனாலும் அப்போது நான் அதை யோசிக்கவில்லை. கீழே நின்ற முத்தாத்தாளைப் பார்த்து, எடுத்துவிட்டேன் என்று தலையாட்டினேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. மாமா காங்கேயத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். ஸ்டுடியோவில் நான் மட்டும். மதியம் 1.52-க்கு முத்தாத்தாளிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. குசுகுசுவென்று பேசியிருந்தார்.

"கண்ணு... அவரு நாளைக்கு ஆல்பத்துக்குப் படம் பாக்க வாராருங்க. அவரு பாக்கறதுக்குள்ள அவள எடுத்துருங்க. மறந்துறாதீங்க."

எங்கள் தொழிலில் ஒருவரை 'எடுத்துருங்க' என்றால் படத்தில் இருந்து நீக்குங்கள் என்றுதான் பொருள். சண்டை போட்ட சம்பந்தி, பிரிந்துபோன மருமகள் என்று வாரத்துக்கு ஒருவரையாவது நான் எடுப்பேன். பாவம், வீட்டுக்காரருக்குப் பயந்து மனம் மாறிவிட்டார் போல என்று நினைத்தேன். போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றால் பேச வேண்டும்.

'சரிங்க' என்று அனுப்பிவிட்டேன்.



2.10-க்கு முதல் படத்தைத் திறந்தேன். அவளை அழித்து, பின்னால் இருந்த பூமாலையை நீட்டி ஒட்டினேன். அதே பெயரில் சேமித்தேன். பழைய படம் போய்விடும். அது தெரிந்தேதான் செய்தேன். கேமரா கார்டையும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வேறு கல்யாணத்துக்காகத் துடைத்திருந்தோம்.

இரண்டாவது படம். அவள் கூறைச்சேலையைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதில் அண்ணனுக்கு இன்னும் ஒரு சாண் பக்கத்தில் இருந்தாள்.

மூன்று நிமிடத்துக்குள் எடுத்த படங்கள். அடுத்தடுத்த படத்தில் அவள் நகர்ந்திருந்தாள். ஆனால் அவள் கட்டியிருந்த சேலையின் மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. நடந்தால் கலையும். எனக்கு அது உறுத்தியது.

ஏழாவது படம். 2.47. இந்த முறை காலில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று பெரிதாக்கினேன்.

கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

வெள்ளைத் துணி. ஓரத்தில் பச்சைக் கரை. இறுக்கமான முடிச்சு.

யாருக்கு அப்படிக் கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும்.

கையை எடுத்துவிட்டேன். மவுஸ் தானாக நகரவில்லை. திரையில் எதுவும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் டக்... டக்... என்று சுற்றியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கால்களைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்க ஒரே வழி அழிப்பதுதான்.

அழித்தேன்.

எட்டு... ஒன்பது...

பத்தாவது படத்தில் அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி.

அந்த வாயை அழித்தேன்.

3.12. மின்சாரம் போனது. யூபிஎஸ் கத்தியது. பீப்... பீப்...

யூபிஎஸ்ஸில் மாட்டாத திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது.

என் தோளுக்குப் பின்னால்...

ஊதா.

நான் திரும்பவில்லை.

பீப்...

கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு.

பீப்...

மின்சாரம் வந்தது. பதினொன்றாவது படத்தைத் திறந்தேன். அதில் அவள் இல்லை. அதை நான் தொடவே இல்லை. வல்லாஹி, அல்லாஹ்மேல் சத்தியம், தொடவே இல்லை.

4.30-க்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. அலறிவிட்டேன். முத்தாத்தாள், கையில் கட்டைப்பையோடு.

"சந்தைக்குன்னு சொல்லிட்டு வந்தனுங்க. எடுத்துட்டீங்களா கண்ணு?"

"எடுத்துட்டனுங்க."

அவர் கையை நீட்டினார்.

"குடுங்க."

உள்ளங்கை விரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் கேட்டது பிரிண்ட். அவர் வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

மாமாவுக்குப் போன் செய்தேன். முத்தாத்தாள் கேட்கும்படியே, அவளை அழித்துவிட்டதை வாய் குழறிக் குழறிச் சொன்னேன். "கார்டுமேல வேற கல்யாணம் ஏறிருச்சு. இனி வராது புள்ள," என்றார் மாமா. அப்படியும் விடவில்லை. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை மூன்று முறை ஓட்டினேன். யார் யாருடைய முகமோ வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை. நான் அழுதுகொண்டே தட்டிக்கொண்டிருந்தேன். முத்தாத்தாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"போகுது உடுங்க கண்ணு," என்றார் கடைசியில். அவர் குரலில் கோபமே இல்லை. "நீங்க பாத்தீங்கல்ல? நெசமா வந்து நின்னாளா?"

"நின்னாங்க."

"நல்லா இருந்தாளா?"

நான் திரையைப் பார்த்தேன்.

"ஒடம்பு கிடம்பு எளைச்சிருந்தாளா? சொல்லுங்க கண்ணு."

அப்போது கதவு மறுபடி திறந்தது. அவருடைய வீட்டுக்காரர் சுப்பண்ணன். வெளியே காரை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்திருக்க வேண்டும்.

"சந்தை இங்கயா கூடுது?"

"வர்ஷினி வந்திருக்கறா," என்றார் முத்தாத்தாள். எழுந்திருக்கவில்லை. "பையனுக்கு இணைச்சீர் நடக்கையில மேடையில நின்னிருக்கறா. இந்தக் கண்ணு பாத்திருக்குது. நீங்களே கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி. என்ன பாத்தீங்க?"

எத்தனையோ நாள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றிருக்கிறேன். அன்று பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஊதாச் சேலைங்க," என்றேன். "தாடையில மச்சம். கால்... கால் வெரல் ரெண்டும் கட்டியிருந்துதுங்க. வெள்ளைத் துணி. பச்சைக் கரை போட்டது."

சுப்பண்ணன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். வெள்ளை வேட்டி. பச்சைக் கரை.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அது என்ற வேட்டில கிழிச்சதுங்க," என்றார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"போன வருசம் ஆனி மாசம் போன் வந்துது. காய்ச்சல், மூணே நாளுன்னு சொன்னாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கால் கட்டறதுக்குத் துணி கேட்டாங்க. அந்தப் பையன் தெகைச்சுப் போயி நின்னுட்டிருந்தான். நாந்தான் கிழிச்சுக் கட்டுனேன். அன்னைக்கே எரிச்சுட்டு, ராத்திரி பஸ்ஸுக்கு ஊடு வந்துட்டேன். பதினாலு மாசமாச்சு. இவகிட்ட... எப்படிங்க சொல்றது?"

வேட்டியைக் கிழித்தது இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பையனுக்குக்கூட நினைவிருக்காது என்றார்.

முத்தாத்தாள் எல்லாவற்றையும் கேட்டார். அழவில்லை. திரையில் பதினொன்றாவது படம் திறந்தே இருந்தது. அண்ணன், லோகப்பிரியா, நடுவே கூறைச்சேலை. லோகப்பிரியாவுக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தின்மேல் முத்தாத்தாள் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

பிறகு எழுந்தார்.

"முத்தா," என்றார் சுப்பண்ணன்.

முத்தாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தார். படியிறங்கினார். நின்றிருந்த காரைத் தாண்டி, பஸ் வரும் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்.