கிராக்ஸ்லியின் ரோஜாச் சட்டைகள்

கிராக்ஸ்லி டவுன் கால்பந்துக் கழகத்தின் சட்டைகள் மேவிஸ் ஹோல்ராய்டின் கைக்கு வந்தது, அவள் கணவன் க்ளிஃப் அந்த அணிக்குப் பயிற்சியாளரான வருஷத்தில். பயிற்சியாளர் என்பது பேருக்குத்தான். வாரம் முழுக்கச் செங்கல் சூளையில் கிடப்பான். சனிக்கிழமை ஆட்டத்தில் எவனாவது அடிபட்டு விழுந்தால் தண்ணீர் வாளியும் பஞ்சுமாக ஓடுவான். ஆட்டம் முடிந்ததும் சேறு அப்பிய சட்டைகள் கோணியில் கட்டி அவன் தோளேறி வீட்டுக்கு வரும். திங்கட்கிழமை மேவிஸ் அவற்றைப் பின்கட்டுச் செம்புக் கொப்பரையில் கொதிக்கவைப்பாள். சிவப்புக் காலுறைகளுக்குத் தனி வாளி. நீலம் போட்டு அலசி, உருளையில் பிழிந்து, சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் கோல்கீப்பருடையது தவிர மற்ற பத்து வெள்ளைச் சட்டைகளையும் காயப்போடுவாள். கண் கூசும்.

"ஆட்டம் எந்த லட்சணமோ, சட்டை மட்டும் முதல் டிவிஷன்" என்று ஊரில் சொல்வார்கள். கேலிதான். ஆனால் அது தனக்குக் கிடைத்த மெடல் என்று மேவிஸ் நினைத்திருந்தாள். வேறெதற்கும் அவளை யாரும் மெச்சியதில்லை.

1961இல் கிராக்ஸ்லிக்கு என்ன அதிர்ஷ்டமோ, கோப்பைப் போட்டியில் தன்னைவிடப் பெரிய அணிகள் இரண்டைத் தோற்கடித்துவிட்டது. அடுத்த சுற்றில் முதல் டிவிஷன் அணி ஒன்று, லண்டனிலிருந்து, கிராக்ஸ்லி மைதானத்துக்கே வந்து ஆடப்போகிறது என்று சீட்டு விழுந்தது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. கழகத் தலைவர் டெம்பிள்டன் சவப்பெட்டிக் கடைக்காரர். காசை எளிதில் அவிழ்க்காதவர். அவரே புதுச் சட்டை, புதுக் காலுறை எல்லாம் வாங்கிவிட்டார். பழைய சட்டைகள் தேவாலய விற்பனைக்குப் போய், மறுவாரமே பல வீடுகளில் தரை துடைத்துக்கொண்டிருந்தன.

புதுச் சட்டைப் பெட்டி எண் தைப்பதற்காக மேவிஸிடம் வந்தது. தைக்க மட்டும்தான். துவைக்கும்படி யாரும் சொல்லவில்லை. விரித்துப் பார்த்தாள். கடைக் கஞ்சியின் விறைப்பு. வெள்ளையில் ஒரு மஞ்சள் மங்கல். லண்டன்காரர்கள் முன்னால் இதைப் போட்டுக்கொண்டா நிற்பார்கள்? எண்களைத் தைத்து முடித்து, வெள்ளிக்கிழமை காலை கொப்பரையை மூட்டினாள்.

தண்ணீர் கொதிக்கும் நேரம் பக்கத்து வீட்டு எட்னா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏய் மேவிஸ்! பத்திரிகைக்காரன் வந்திருக்கான்டி! சந்து சந்தா போட்டோ எடுக்கிறான். தலையைச் சீவிக்கிட்டு வா!"

மேவிஸ் பெட்டியிலிருந்து சட்டைகளை மொத்தமாக அள்ளி அப்படியே கொப்பரையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் அள்ளிய துணிக்குள் ஒரு புதுச் சிவப்புக் காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கழியால் கிளறியபோது தண்ணீர் தக்காளிச் சாறு மாதிரி இருந்தது. கழியில் அந்தக் காலுறை சுருண்டு ஏறி வந்தது. ப்ளீச் போட்டாள். அது இங்கொரு திட்டும் அங்கொரு திட்டுமாக வெளுத்து இன்னும் அசிங்கமாக்கியது. அந்தத் திட்டுகளையாவது மறைக்க எல்லாவற்றையும் அதே தண்ணீரில் மறுபடி முக்கியெடுத்தாள். பத்துச் சட்டைகளும் ஒரே சீரான ரோஜா நிறத்தில் வந்தன.

க்ளிஃப் வந்து கொடியைப் பார்த்தான். அப்படியே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். "அடிப்பாவி," என்றான், கத்தாமல்.

மறுநாள் உடைமாற்றும் அறை வாசலுக்கு அவளே பெட்டியைச் சுமந்து போனாள். டெம்பிள்டன் மூடியைத் திறந்தார். அவர் முகம் அவர் கடையில் படுத்திருப்பவர்களின் முகம் போல ஆனது.

"பக்கத்து ஊர் ஹெஸல்வுட்ல மஞ்சள் சட்டை இருக்கு. ஓடிப் போய்க் கேட்டு வாங்கிட்டு வரலாம்," என்றார்.

அணித் தலைவன் லென் பார்ஸ்லோ கசாப்புக் கடைக்காரன். நாலு பேரை ஒரே நேரத்தில் இடித்துத் தள்ளக்கூடிய உடம்பு. "ஹெஸல்வுட் சட்டையைப் போடறதுக்குப் பதிலா அம்மணமா ஆடுவேன்," என்றான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தலைவழியாக மாட்டினான். "என்னடா பாக்கிறீங்க? போடுங்கடா."

மேவிஸ் தேநீர்க் கொட்டகைக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அங்கிருந்து மைதானம் தெரியாது. காதில் மட்டும் விழும். அணி வெளியே வந்தது. உடனே வாழ்க்கையில் அவள் கேட்டிராத சிரிப்பு, மழை தகரத்தில் இறங்குவது போல.

"ஏ அஞ்சாம் நம்பர் பொண்ணு! ஆட்டம் முடிஞ்சதும் ஃப்ரீயா?"

"ஜாக்கிரதைடா, கீழே தள்ளிடாதீங்க! கல்யாணம் ஆகாத பொண்ணுங்க!"

தேநீர் வாங்க வந்தவர்களில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். சர்க்கரையைக் கலக்கியபடி கோப்பைக்குள்ளேயே பார்த்தார்கள். கிராக்ஸ்லி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. வெள்ளைச் சட்டையிலும் ஐந்து வாங்கியிருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

எல்லோரும் போன பிறகு மிச்சக் கோப்பைகளைப் பொறுக்கக் கழகத்து மதுக்கூடத்துப் பக்கம் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே க்ளிஃப் மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். தலையில் மேசைத் துணியைப் பெண்கள் போல் முடிச்சிட்டிருந்தான். கையில் துடைப்பக் கழி. அதால் இல்லாத கொப்பரையைக் கிளறினான். "ஐயோ எட்னா! போட்டோ எடுக்கறாங்களா? என் தலை நல்லாயிருக்கா எட்னா?" என்று மெல்லிய குரலில் இழுத்தான். கூடம் குலுங்கியது. டெம்பிள்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லென் மட்டும் தன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்னா கூப்பிட்ட கதையை முந்தின நாள் அழுதுகொண்டே க்ளிஃபிடம் சொன்னவள் மேவிஸ்தான். அவனிடம் மட்டும் சொன்னது.

க்ளிஃப் அவளைப் பார்த்துவிட்டான். கழி நின்றது. அவள் கோப்பைகளை எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

"சும்மா தமாஷுக்குப் பண்ணினேன், மேவிஸ்," என்றான் வீட்டில். "எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தாங்க."

அவள் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ரொட்டி வாங்கக்கூடப் பேருந்து ஏறி ஹெஸல்வுட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை தன் வீட்டுத் துணிகளையும் வெளிக்கொடியில் போடாமல் சமையலறைக்குள்ளேயே காயவைத்தாள். கழகத்துச் சட்டைகள் வேறொருத்தியிடம் போயின. மகள் ஜீன் பள்ளியில் எவளோ ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தாள். எதற்கென்று மேவிஸ் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

வசந்தத்தில் ஒரு நாள் லென் பார்ஸ்லோ பின்வாசலில் நின்றான். காலடியில் கோணி.

"மேவிஸக்கா, அந்தம்மா கஞ்சி போட்டுக் கொல்றாங்க. அக்குள்ல தோல் உரியுது. பசங்க பாதிப் பேர் கையைத் தூக்கிக்கிட்டே நடக்கிறானுங்க."

"வேற ஆளைப் பாரு லென்."

"பாத்தாச்சு."

"மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். நான் கறியை வெட்டறப்ப என் விரலையே ரெண்டு தடவை வெட்டியிருக்கேன். கடையை மூடிட்டேனா?"

அவள் கோணியை வாங்கிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை விடியும்போது கொப்பரை நிறையத் தண்ணீர் இருந்தது. அடியில் நெருப்பும் எரிந்துகொண்டிருந்தது. க்ளிஃப் சூளைக்குக் கிளம்பிப் போயிருந்தான். அவன் சாகும்வரை எல்லாத் திங்கட்கிழமையும் அப்படித்தான். வாஷிங் மெஷின் வந்த பிறகும், காலையில் அதன் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போவான். அந்த மதுக்கூடத்து மேசையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

க்ளிஃப் போய்ச் சில வருஷங்களில், அந்தக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்திராத இளைஞர்கள் கழகத்தை நடத்த வந்தார்கள். ரோஜாச் சட்டைக் கதை அவர்களுக்குத் தேன். கிராக்ஸ்லியின் நிறம் இனி ரோஜாதான் என்று முடிவெடுத்தார்கள். ஊரில் குழந்தை குட்டியெல்லாம் ரோஜாச் சட்டை போட்டுத் திரிந்தது. முதல் ஆட்டத்தன்று மேவிஸை மைதானத்தின் நடுவே அழைத்துப்போய் நிறுத்தினார்கள். ஜீன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பக்கமும் ரோஜா நிறம் எழுந்து நின்று மேவிஸின் பெயரைப் பாடியது.

"கையை ஆட்டும்மா. உனக்காகத்தான் கத்தறாங்க."

மேவிஸ் பாதிக் கையை உயர்த்தினாள். அவர்கள் முகத்தில் கேலியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பாசம்தான். ஆனாலும் அத்தனை பேர் ஒன்றாக வாய் திறந்ததும் கழுத்திலிருந்து காது வரை சூடேறியது; மேலங்கியின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

பாதி ஆட்டத்திலேயே கிளம்பிவிட்டார்கள். வெளியே வறுத்த மீன் கடையில் வரிசையில் நிற்கும்போது ஜீன் கேட்டாள், "சந்தோஷமா இல்லையாம்மா?"

"அவங்க சந்தோஷமா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் மேவிஸ். "என்னை மட்டும் இன்னொரு தடவை அங்கே கூட்டிட்டுப் போகாதே."

ஜீன் சரியென்றாள். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றாத பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள்.