இருநூற்று முப்பதில் ஒரு வளைகாப்பு

வளைகாப்புக்கு ஐந்து வகை சாதம் செய்வது எங்கள் வழக்கம். அதை டெக்சஸில், பிளானோவில், அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் நடத்தப் போய் நான் வாங்கிய எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் பட்டத்தின் மானம் கப்பலேறியது. என் வீட்டுக்காரரும் அதே படிப்புதான். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதே படிப்புதான்.

எனக்கு ஒன்பதாம் மாதம். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. முதல் வளையல் ஏறுவதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஈரோட்டில் ராத்திரிச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் போனோடு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடித்தாக வேண்டும். உங்கள் ஊர் நேரமா எங்கள் ஊர் நேரமா என்று எனக்குச் சந்தேகம். "வளையல் எங்க போடறாங்களோ அந்த ஊரு நேரந்தான் கண்ணு, இதுகூடவா கேப்பாங்க?" என்றாள்.

லேப்டாப்பில் அம்மா முகம் வந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி வளையல் தட்டோடு எழுந்தார். அந்த நேரம் பார்த்து என் சிநேகிதிகள் சாதத்தைச் சூடாக்கலாம் என்று ஆளுக்கொரு எலெக்ட்ரிக் குக்கரைச் சுவரில் செருகினார்கள். தயிர் சாதம் தவிர்த்து நான்கு குக்கர். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். விளக்குகள் எரிந்தன. ஆனால் சுவரிலிருந்த பிளக்குகள் எல்லாம் செத்துப்போயின, அவற்றோடு வைஃபையும். அம்மா பாதி வாய் திறந்தபடி உறைந்து, பிறகு காணாமல் போனாள்.

"பிரேக்கர் டிரிப் ஆயிடுச்சு, ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்காரர் அடுக்களை மூலைக்குப் போய்த் தூக்கிவிட்டார். உடனே திரும்ப விழுந்தது. பிரேக்கரில் இருபது ஆம்பியர் என்று எழுதியிருந்தது. குக்கர்கள் ஒவ்வொன்றும் ஆயிரம் வாட். "நாலாயிரம் வாட். வோல்ட்டேஜால டிவைட் பண்ணு. பதினேழரைகூட வரல. இருபது தாங்கும்ல? ஏன் விழுது?"

எனக்கும் புரியவில்லை. சந்தேகப் பிராணி நான். உட்கார்ந்த இடத்திலேயே போனில் வேறு வழியில் போட்டுப் பார்த்தேன். வோல்ட்டேஜை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் ஒரு குக்கரின் ரெசிஸ்டன்ஸ். கிட்டத்தட்ட ஐம்பத்து மூன்று ஓம். நான்கும் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் அதை நான்கால் வகுக்க வேண்டும், பதிமூன்று சொச்சம். வகுத்ததும் பயம் வந்தது. நான்கு குக்கர் சேர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் எப்படிக் குறையும்? பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது வராத சந்தேகம், பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கும்போது வருகிறது! சரி, நான்கு வழி திறந்தால் கரண்ட் அதிகமாகத்தானே போகும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கடைசியில் வோல்ட்டேஜை அந்தப் பதிமூன்றால் வகுத்தால் அதே பதினேழரை ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு வழியிலும் ஒரே விடை. அப்புறம் யார் மேல் தப்பு?

"பழைய பில்டிங்ப்பா, பிரேக்கரே ஃபால்ட்டி" என்றார் ஒருவர். "ஸ்டார்ட்டிங் கரண்ட், போட்ட உடனே ஒரு நொடி கூட இழுக்கும்" என்றார் இன்னொருவர். மறுபடி தூக்கினார்கள், மறுபடி விழுந்தது. மணி பதினொன்று நாற்பது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு குக்கரையாவது பிடுங்கித் தொலையுங்கள் என்று கத்தினேன். எதை என்று கேட்டதும் யாரும் அசையவில்லை. "என் புளியோதரை ஆறிடும்டி" என்றாள் ஒருத்தி.

உள்ளே சிக்னல் ஒரே ஒரு கோடு. பேசலாம், முகம் பார்க்க முடியாது. அம்மாவைக் கூப்பிட்டு, கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, கரண்ட்தான் நிற்க மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"அழுவாத சாமி, வயித்துல புள்ள இருக்குது" என்றாள். பிறகு, "அங்கதான் கரண்டே பாதின்னு சொன்னியே கண்ணு? நான் ஆசையா வாங்கி வச்ச மிக்ஸிய, 'அங்க நூத்தி இருவதுதாம்மா, இது ஓடாது'ன்னு வெச்சுட்டுப் போன. இன்னும் பெட்டி பிரிக்காம பீரோ மேலதான் இருக்குது."

அப்போதுதான் உறைத்தது. இருநூற்று முப்பது! எல்லோரும் ஊர் வோல்ட்டேஜைப் போட்டே வகுத்திருக்கிறோம். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் பேனா பிடித்தால் கை ஈரோட்டுக்குப் போய்விடுகிறது. பக்கத்துக் குக்கரைத் திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் வாட்டுக்குப் பக்கத்திலேயே நூற்றிருபது வோல்ட் என்று எழுதியிருந்தது. நாலாயிரத்தை நூற்றிருபதால் வகுத்தால் முப்பத்து மூன்று ஆம்பியர். பிரேக்கர் பாவம், அதன் வேலையைத்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறது.

"அப்ப ரெண்டு குக்கர் தாங்கும்" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். எந்த இரண்டு என்று அடுத்த பஞ்சாயத்து தொடங்குமுன் நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நான்கையும் பிடுங்கிப் போட்டேன். இனி என் கணக்கையும் நம்புவதாக இல்லை, அவர் கணக்கையும் நம்புவதாக இல்லை. "ஆறினா ஆறட்டும், ஆறின புளியோதரைதான் ருசி" என்றேன். வீட்டுக்காரர் போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டார், இந்தத் தடவை நின்றது.

பன்னிரண்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் அம்மா முகம் திரும்ப வந்தது. ஆன்ட்டி முதல் வளையலைப் போட்டார். "கைய இன்னுங் கொஞ்சம் மேல தூக்கு கண்ணு" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். தூக்கிக் காட்டினேன்.

எல்லோரும் ஆறிய சாதத்தைச் சாப்பிடும்போது, பழக்கதோஷம், வைஃபை பெட்டியை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்பியர். பெருக்கிப் பார்த்தேன், திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். பன்னிரண்டு வாட். அம்மா என் கையைப் பார்க்க அவ்வளவுதான் வேண்டியிருந்தது.