திரையில் நலமாக இருந்த மாடு

பசுவின் வயிற்றுக்குள் சென்சார் போடும் கம்பெனியில் சேர்ந்து நான் முதலில் போன பண்ணை, மல்காஜ்கிரி தாண்டி தனலட்சுமி அக்கா நடத்தியது. சென்சார் விரல் நீள மாத்திரை மாதிரி இருக்கும். வாய்க்குள் குழாய் விட்டுத் தள்ளினால், வயிற்றில் கிடந்து உடல் சூட்டையும் அசைவையும் எங்கள் ஆபீசுக்கு அனுப்பும். காய்ச்சல் வந்தால் மாடு சொல்லாது, ஆப் சொல்லும் என்பது எங்கள் வியாபார வசனம்.

அக்கா சென்சாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். ஃப்ரிஜ் வந்தாலே பூஜை போடுகிற வீடு. செவலைப் பசுவுக்கு நான் மாத்திரையைத் தள்ளினேன். விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மேனேஜர் மோகன் சாருக்கோ போட்டோ அவசரம். "எல்லாரும் இங்க பாருங்க!" என்றார். தலையைப் பிடித்திருந்த பண்ணை ஆள் உட்பட எல்லாரும் திரும்பிப் பல் தெரியச் சிரித்தோம்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். "செவலை தீவனமே தொடல தம்பி. மடி கல்லு மாதிரி இருக்கு."

அமீர்பேட் ஆபீசில் மோகன் சார் திரையைப் பார்த்தார். "டெம்பரேச்சர் நார்மல். அசையாம நல்லா ரெஸ்ட் எடுக்குது. டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம் அக்கா!"

கம்ப்யூட்டரே சொல்லும்போது நாம் யார் என்று அக்காவும் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் போனில் கத்தினார். "என் மாடு எழுந்திரிக்க முடியாம கிடக்கு. உங்க ஆபீஸ்ல மட்டும் நல்லாருக்கா?"

டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடினோம். மடி நோய், உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் ஊசி போட்டார். திரையை மறுபடி பார்த்தேன், இன்னும் நார்மல் என்றே காட்டியது.

சிக்னல் பிடிக்கும் கருவியோடு மாட்டைச் சுற்றி வந்தேன். சத்தமே இல்லை. கொட்டகைக்குப் பின்னால் போனதும் கருவி கத்த ஆரம்பித்தது. எருக்குவியலைக் கிளறினால், உள்ளே எருவின் சூட்டில் வெதுவெதுப்பாக எங்கள் சென்சார். நாங்கள் போட்டோவுக்குச் சிரித்த நேரத்தில் மாடு துப்பியிருக்கிறது. சாணத்தோடு யாரோ வாரிக் கொட்டிவிட்டார்கள்.

மோகன் சார் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ரீடிங் கரெக்ட்! சென்சார்ல தப்பே இல்ல."

"அப்ப ஊசியையும் குப்பைக்கே போட்டிருக்கலாமே சார்," என்றார் அக்கா.

மாடு பிழைத்தது. ஆனால் ஒரு காம்பில் அதன்பின் பால் வரவே இல்லை. முதல் போனுக்கே வந்திருந்தால் அந்தக் காம்பையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது இன்றும் எனக்கு உறுத்துகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மாட்டுக்காரர் கூப்பிட்டால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள், வண்டியை எடுங்கள்.