மெஸ் வாசலில் பனிச்சாரல்

எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்குமே, அங்கேதான் எங்கள் மெஸ். மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. வாசல் மேற்கே சாலையைப் பார்த்தது, முதுகுப் பக்கம் கடல். வாசலோரத்துப் பரோட்டாக் கல் என் பொறுப்பு. சோறு, குழம்பு, கல்லாப்பெட்டி எல்லாம் என் மனைவியிடம். எந்த முடிவானாலும் அவள்தான்.

ஒரு கத்திரி வெயிலில், வரிசையில் காத்திருந்த டிரைவர் ஒருவர் கை கழுவப் போன இடத்திலேயே சுருண்டு விழுந்தார். வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. என் மனைவி அவரை நிழலுக்கு இழுத்து, ஈரத்துண்டால் கழுத்தையும் அக்குளையும் ஒற்றினாள். கண் திறந்ததும் உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். சாயங்காலம் அவர் எழுந்து லாரியில் ஏறிப் போய்விட்டார். அவளுக்குத்தான் அது மனதைவிட்டுப் போகவில்லை.

"ஃபேன் போட்டா அனல்தான்யா அடிக்குது. கல்யாண மண்டபத்துல வெளிய பந்தி போட்ட எடத்துல பொக மாரி தண்ணி தெளிச்சாங்களே, அத்த நம்ம கடையாண்ட வெக்கலாம்" என்றாள்.

"கடலாண்ட குந்திகினு கீறோம். ஏற்கெனவே ஒடம்பு பிசுபிசுங்குது. இதுல தண்ணி வேற அடிச்சா பேஜாரு மே" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு துண்டை நனைத்துக் கொட்டகைக் கயிற்றில் போட்டாள். மேற்கேயிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மாவு பிசைந்து முடிப்பதற்குள் துண்டு மொறமொறவென்று காய்ந்துவிட்டது. மத்தியானம் கடல் காற்று வந்த பிறகு அதே துண்டை மறுபடி நனைத்துப் போட்டாள். விளக்கு வைக்கும் நேரம் வரை ஈரம் போகவில்லை. ஒரு வாரம் இதையே செய்து பார்த்தாள்.

"துண்டு காயற நேரத்துல தண்ணிப் பொகையும் காத்துலயே காஞ்சிடும். அப்பதான் சில்லுனு இருக்கும். கடக்காத்து வந்துட்சின்னா நிறுத்திடணும்" என்றாள்.

அந்தக் கருவியை மாட்டிக் கொடுப்பவர் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தார். பொறுமையான மனிதர். கொட்டகையின் நான்கு ஓரத்திலும் குழாய் ஓட்டலாம் என்று அளக்க ஆரம்பித்தார். என் மனைவி அவருக்கு டீ கொடுத்துவிட்டு, கரித்துண்டால் தரையில் கோடு போட்டாள்.

"பாய், துன்ற எடத்துக்கு மேல வோணாம். சோத்துல தண்ணி வுழும். டிரைவருங்க காத்துகினு குந்துற பெஞ்சி இங்க கீது. மேக்கால காத்து இப்டி உள்ள வருது. வாசலாண்ட மட்டும் ஒசரமா போட்டா, காத்தே குளுமைய உள்ள இட்டுகினு வரும்ல?"

அவர் கோட்டை நின்று பார்த்தார். "சரியாத்தாம்மா கீது. ஆனா போர் தண்ணி உப்பு. நாசில் அடைச்சிக்கும்" என்றார். நாசில் என்பது தண்ணீரைப் பொடியாக்கித் தள்ளும் சின்ன மூக்கு. குடிக்கிற தண்ணீரையே வடிகட்டி விடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது என்று அவரே நைலான் குழாய் சொன்னார். மூடி போட்ட சின்னத் தொட்டி வேண்டும், மிஞ்சிய தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டிக் கழுவ வழி வேண்டும் என்று இவள் கேட்டுக்கொண்டாள். "நாலு பேரு மூச்சுல போற தண்ணி பாய், கலீஜா இருக்கக் கூடாது."

முதல் நாள் மோட்டார் ஓடியதும் வாசலில் வெள்ளையாக ஒரு திரை எழும்பியது. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை நிமிர்த்திக்கொண்டார்கள். ஒருவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். உள்ளே சாப்பிட்டவர்களின் இலையில் ஒரு சொட்டு விழவில்லை.

மத்தியானம் அவள் பின்பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது காற்று சட்டென்று திரும்பிக் கடல் பக்கமிருந்து வீசியது. திரை அப்படியே சாய்ந்து என் கல்லின் மேல் வந்தது. எண்ணெய் வெடித்து என் முன்கையில் தெறித்தது. தரையெல்லாம் வழுக்கல்.

"நிறுத்து மே" என்று கத்தினேன்.

ஓடிவந்து நிறுத்தினாள். கொப்புளத்தைத் தண்ணீரில் காட்டச் சொன்னாள். நான் எரிச்சலில் என்னென்னவோ பேசினேன். அவள் சாலையோரம் போய் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பழைய சிவப்புத் துணியைக் கிழித்து மூங்கிலில் கட்டி, கொட்டகை உச்சியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நட்டாள். சுவிட்சைப் பெஞ்சுக்கு எட்டுகிற தூணுக்கு மாற்றச் சொன்னாள். துணி கடலைப் பார்த்துப் பறந்தால் ஓடலாம். துவண்டாலோ, சாலைப் பக்கம் திரும்பினாலோ நிறுத்திவிட வேண்டும். தமிழ் தெரியாத டிரைவர்களுக்குக் கையை ஆட்டியே புரியவைத்தாள். அதற்கப்புறம் அவர்களே பார்த்து நிறுத்தினார்கள். என் கல்லில் ஒரு துளி விழுந்ததில்லை.

காலையிலிருந்தே காற்று ஈரமாக இருக்கிற நாளில் அவள் மோட்டாரைத் தொடுவதே இல்லை. "இன்னிக்கு இது வேலைக்கு ஆவாது. மோர் குடிங்க" என்று சொல்லிவிடுவாள்.

பக்கத்து டயர் கடைக்காரர் எங்கள் வாசலைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் கடைக்கும் ஒன்று மாட்டத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி வந்தார். அவர் கடையைப் பார்க்க அவளோடு நானும் போனேன். மூன்று பக்கமும் சுவர், முன்னால் பாதி ஷட்டர். அவள் உள்ளே நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். கேட்டு வந்தவருக்கு ஆசை காட்டிவிடுவது எளிது. எங்கள் மெஸ்ஸில் மாட்டியதைச் சொன்னாலே அவர் நம்பியிருப்பார்.

"நைனா, ஒனக்கு இது வோணாம். காத்து வெளிய போறதுக்கு வழியே இல்ல, தண்ணி உள்ளயே நின்னுக்கும். மெஷினெல்லாம் துரு புடிக்கும். மேல தகரத்துக்கு வெள்ள அடி, பின்செவுத்துல ஒரு ஜன்னல் வுடு. அது போதும்" என்றாள்.

அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று சுவரில் கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.