ஒற்தலாம் என்று எழுதிய பலகை

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருள் சொல்லிக்கொடுத்த தமிழ் டீச்சர் நான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்று ஒத்துக்கொள்ள மட்டும் எனக்கு வாய் வராது. அந்தக் கொழுப்புதான் எல்லாத்துக்கும் காரணம்.

சங்கரன்கோவிலில் எங்கள் ஆலயத்துக்குத் தெற்கே கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. ரிட்டயர்டு ஆன கையோடு, அதில் ஒரு ஜெபத்தோட்டம் போடலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். சிலுவை வடிவில் பாத்தி. தூய்மைக்கு வெள்ளை லீலி, முள்முடியை நினைக்கக் கிறிஸ்துமுள், விசுவாசத்துக்குக் கடுகு, வானத்திலிருந்து விழுந்த மன்னாவுக்குக் கொத்தமல்லி. வீட்டுக்கொரு செடி கொண்டுவரச் சொல்லி, தகரப் பலகையில் நானே பெயிண்டால் பேர் எழுதி நட்டேன்.

ஒரு பலகை மட்டும் வெறும் மண்ணைப் பார்த்து நின்றது. ஒற்தலாம். பைபிளில், பரிசேயர்கள் அதில்கூடப் பத்தில் ஒரு பங்கு சுத்தமாகக் காணிக்கை கொடுத்துவிட்டு இரக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று ஆண்டவர் கண்டிப்பாரே, அங்கே வருகிற பேர். சின்னப்பிள்ளையிலிருந்து வாசிக்கிறேன், என்ன செடி என்று தெரியாது. போனில் தட்டினால் அதே வசனம்தான் திரும்பத் திரும்ப வந்தது. புளியங்குடி நர்சரிக்காரர், "எலுமிச்சங்கன்னு வேணும்னா தாரேன் டீச்சர்" என்று சிரித்தார். எங்கள் போதகரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவரை நாங்கள் ஐயர் என்போம். டீச்சருக்கே தெரியலையா என்று ஐயர் நினைத்துவிட்டால்? எருசலேம் பக்கம் மட்டும் வளரும் அபூர்வ மூலிகை என்று சபையில் அளந்துவிட்டேன்.

ஐயர் ஜெபித்துத் திறந்துவைக்கும் பிரதிஷ்டைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்த் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒற்தலாம் பலகைக்குக் கீழே யாரோ புதினா நட்டுவைத்திருந்தார்கள். இலையை ஆய்ந்துவிட்டுக் குப்பையில் போடுவோமே, அந்தத் தண்டுதான். நாலு துளிர் விட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம்! "இது ஜெபத்தோட்டமா, பிரியாணிக் கடையா?" என்று வாய்விட்டே கத்தினேன். வேரோடு பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். அங்கே மேய்ந்த ஆடு ஒன்று மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் தோட்டத்துக்கு வந்தோம். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவை ஐயர் முன்னால் வரச் சொன்னார். என்னைவிட நாலு வயசு மூத்தவள், தறி ஓட்டுகிறவர்கள் தெருவில் ஒண்டியாக இருக்கிறவள்.

"ஒற்தலாம்னா வேற ஒண்ணுமில்ல, புதினாதான்" என்றார் ஐயர். "இந்த அம்மா ஒரு ஆளுதான் எங்கிட்ட வந்து, அந்தப் பலகை மட்டும் சும்மா நிக்கே, அது என்ன செடி ஐயான்னு கேட்டாங்க. பாட்டில் தண்ணியில வேர் விடவச்சு அவங்களே நட்டிருக்காங்க. வாங்க, பார்ப்போம்."

பலகைக்குக் கீழே ஒரு குழிதான் இருந்தது.

அக்கா குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "ஆடு தின்னுட்டு போல ஐயா" என்றாள். பிறகு, யாரும் ஒரு வார்த்தை கேட்கும் முன்னாலேயே, "கேட்டைச் சாத்துறது எம்பொறுப்பு. சரியாச் சாத்தாமப் போயிட்டேன். மன்னிச்சிருங்க" என்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். ஐயர் என் பக்கம் திரும்பி, "நேத்து நீங்க வந்தப்போ கேட்டு திறந்தா கிடந்துது டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

பாவி நான், அப்படித்தான் சொன்னேன். இத்தனை பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக முட்டி போடவைத்தவள்.

மறுநாளே சந்தையில் புதினா வாங்கி வேர் விடவைத்து அந்தக் குழியிலேயே நட்டேன். இப்போது பாத்தி கொள்ளாமல் படர்ந்து கிடக்கிறது. "என் கவனக்குறைவுக்கு நீங்க சிரமப்பட்டியளே டீச்சர்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அவள் கேட்டைச் சாத்தி, கொண்டி போட்டு, அதற்கு மேல் சணல் கயிறும் கட்டுகிறாள். ரெண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறாள். போன ஞாயிறும் என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நல்லா சாத்தியிருக்கா, ஒருக்கா பாருங்க. எனக்கு எம்மேலயே நம்பிக்கை இல்ல. நீங்க சொன்னாத்தான் மனசு ஆறும்."

நான் போய்க் கேட்டை ஆட்டிப் பார்த்தேன். "சாத்தியிருக்குக்கா" என்றேன்.