என் வாசல் குழி

நகராட்சி எங்கள் புதுத் தெருவுக்குக் குழாய் போட்டதிலிருந்து போடியில் பிளம்பர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. நேற்று ஒருவரைப் பிடித்து, தண்ணீர் வேகமாக வரட்டும் என்று வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, என் குழாயைத் தாழ இறக்கி வைத்தேன்.

இன்று காலை தண்ணீர் கொட்டியது.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு முருகாயி வெறுங்குடத்தோடு வந்தாள்.

"ஐயா, எங்க குழாயில காத்துதான் வருது. போடிமெட்டு ஜீப்பு வந்துரும். வெரசா ஒரு கொடம் புடிச்சுக்கிறட்டுமா?"

"ரெண்டாவே புடிச்சுக்கோ ஆத்தா."

என் குழாய் தாழ்ந்ததால்தான் அவள் குழாய் வறண்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடம் நிறைவதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவள் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஜீப்பு போயிருச்சு. இன்னைக்குக் கூலி இல்ல. தண்ணியாச்சும் குடுத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

அவளுக்கு வர வேண்டிய தண்ணீரை அவளுக்கே கொடுத்து வாழ்த்தும் வாங்கிக்கொண்டேன்.

குழாயைப் பழையபடி மேலே ஏற்ற அந்தப் பிளம்பரிடமே போனேன். எங்கள் தெருவில் இன்னும் நாலு வாசலில் குழி தோண்ட வேண்டுமாம், அதை முடித்துவிட்டுத்தான் வருவாராம்.

சும்மா இருக்கும் பிளம்பர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?