திரும்பி வரும் கேரியரைப் பாருங்கள்

அம்மா இறந்த ஏழு மாதத்தில் நைனா, என் அப்பா, ஆறு கிலோ இளைத்துவிட்டார். சித்தூர் பக்கம் கங்காதர நெல்லூரில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில், வியாழக்கிழமை மஸ்கட் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன், சித்தூரில் முதியவர்களுக்குச் சமைத்து அனுப்பும் ஒரு கிச்சனிலிருந்து தினமும் பஸ்ஸில் கேரியர் வர ஏற்பாடு செய்தேன். போனில் கேட்டால் “துன்னேன்” என்பார், அவ்வளவுதான். நம்புவதற்கில்லை. திருப்பதியில் சாப்பாட்டோடு ரூம் தரும் முதியோர் விடுதி ஒன்று உண்டு. ஊரைவிட்டு வரமாட்டேன் என்று அடம். சனிக்கிழமை நானே நேரில் பார்த்து முடிவெடுக்கக் கிளம்பினேன்.

காலை ஆறு மணி பஸ், பதினொன்றேகாலுக்குத் திருப்பதி. ஆட்டோக்காரர் கேட்டார்: “தரிசனமா சார்?”

“இல்ல, சாப்பாடு பாக்க.”

“லட்டுக்கா இவ்ளோ தூரம்?”

விடுதிச் சுவரில் கலோரி, புரதம் எல்லாம் அட்டவணை. கையோடு கொண்டுபோன தராசில் ஒரு சாப்பாட்டை எடை போட்டேன், ஒரு கிராம் பிசகவில்லை. பின்பக்கம் போனால் இரண்டு பக்கெட் நிறைய தட்டுகளில் மிஞ்சிய சாப்பாடு. மேலாளர், “வயசானவங்க, அப்படித்தான்” என்றார்.

சித்தூர் எழுபது கிலோமீட்டர். அங்கே இரண்டரைக்குப் போனேன். அட்டவணை கிடையாது, சுவரெல்லாம் கரி. நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். பாத்திரம் கழுவும் அக்கா, திரும்பி வந்த கேரியர்களைத் திறந்து பார்த்துச் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். நைனா பெயரைச் சொன்னேன்.

“ஏழாம் நம்பரு கேரியரா? மொத மூணு நாளு பீன்ஸு, சுண்டலு எல்லாம் அப்டியே வந்துக்கினு இருந்திச்சி. பல்லு இல்லாத மனுசன் சுண்டல வெச்சிக்கினு இன்னா பண்ணுவாரு?”

பல் விழுந்ததை நைனா என்னிடம் சொல்லவேயில்லை.

“அப்புறம்?”

“மசிச்சி அனுப்புனோம். இப்போ பாரு.” கேரியரைக் கவிழ்த்தார். ரசம்கூட இல்லை.

“நாய்க்குப் போட்டிருந்தா?”

“உங்க ஊரு நாயி கீரை மசியலா துன்னுது?” சமையல்காரர் சிரித்துவிட்டார்.

அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், வீடு. முதல் வேலையாக நைனாவை எடை மெஷினில் ஏற்றினேன். கேரியர் தொடங்கும் முன் பார்த்த எடையைவிடத் தொள்ளாயிரம் கிராம் கூடியிருந்தது. இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினேன். அதேதான்.

“போதுமாடா? இப்பனாச்சும் நிம்மதியா ஃப்ளைட்டு ஏறு,” என்றார்.

பெற்றோருக்கு இப்படிச் சாப்பாடு தேடுகிறவர்கள் பரிமாறும் நேரத்தில் போகாதீர்கள்; கேரியர் திரும்பும் இரண்டரைக்குப் போங்கள். அட்டவணையை விடுங்கள், கழுவுகிறவரைக் கேளுங்கள். திருப்பதி ரூம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நைனாவுக்குப் பல் டாக்டர், சுண்டல் வேண்டுமாம்.